பாலசுப்ரமணியனின் ஒற்றை வரி

பாலசுப்ரமணியனைப் பற்றி முதலில் நல்லதாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்தேன். சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு உடுத்துவான். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் தடங்கலில்லாமல் தன்னைப் பற்றியே பேசுவான். அவ்வளவுதான் தேறியது. மீதி எல்லாம் நான் கூட இருந்து பார்த்தது.

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் வேதாவதி டேட்டா சர்வீசஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பழைய கேஸ் காகிதங்களை அங்கேயே படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். எங்கள் பெண்கள் இருநூறு பேர் வரிசையாக உட்கார்ந்து, திரையில் இடது பக்கம் அந்தப் படத்தைப் பார்த்து, வலது பக்கம் எழுத்து எழுத்தாக அடிப்பார்கள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை எந்த மெஷினும் படிக்காது, எங்கள் பெண்கள் படிப்பார்கள். நான் ஜானகி, அங்கே பர்சனல் செக்‌ஷனில் இருந்தேன். பிறகு அதற்கு எச்.ஆர். என்று பேர் வைத்தார்கள். வேலை அதேதான்: வருகிறவர்களுக்கு ஆர்டர் கொடுப்பது, போகிறவர்களுக்கு அனுபவச் சான்றிதழ் கொடுப்பது, நடுவில் லீவு எழுதுவது.

பாலசுப்ரமணியன் 1995-ல் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்தான். வந்த முதல் நாளே என் மேஜை முன்னால் உட்கார்ந்து, தன் தாத்தா மகாராஜா காலத்தில் ரெவின்யூ இலாகாவில் இருந்ததையும், அப்பா விதான சௌதாவில் அண்டர் செக்ரெட்டரியாக ரிட்டயர் ஆனதையும் சொன்னான். "எங்க தாத்தா கையெழுத்து போடாம மைசூர்ல ஒரு ஃபைலும் நகராது மேடம்" என்றான். "சரிப்பா, நீ இங்க ஒரு கையெழுத்து போடு" என்று ஜாயினிங் ரிப்போர்ட்டை நீட்டினேன். என்னிடமே பேனா கேட்டான். மூன்று தலைமுறை உத்தியோக வம்சம், சட்டைப் பையில் ஒரு பேனா இல்லை.

அடுத்த வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு மானிட்டருக்கும் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்தோம். சுவரில் பெரிய பேனர்: வேதாவதி டேட்டா சர்வீசஸ், ஆயுத பூஜை 1996. எல்லாரும் அதன் கீழே போட்டோவுக்கு நின்றோம். பாலசுப்ரமணியன் புதிதாக ஒரு ஜப்பான் கேமரா வாங்கியிருந்தான். அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி சின்னப்பா, "சார், நீங்களும் போய் நில்லுங்க, நான் பட்டன அமுக்கறேன்" என்று கையை நீட்டினார். "இது உன் விசில் இல்ல சின்னப்பா, லென்ஸு" என்று சொல்லி, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவனே எடுத்தான். படம் நன்றாகத்தான் வந்தது. முன் வரிசையில் மஞ்சள் புடவையில் தனக்கோடி, பக்கத்தில் நான், எங்கள் தலைக்கு மேலே பளிச்சென்று பேனர். சின்னப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

தனக்கோடி எங்கள் ஆட்களிலேயே வேகமாக அடிக்கிறவள். ஈஜிபுராவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். 1994 ஜூனில் சேர்ந்தவள், வேலையில் பாலசுப்ரமணியனுக்கு ஒரு வருஷம் சீனியர். அவன் அவளை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்மா" என்பான். எல்லாப் பெண்களும் அவனுக்கு ஏம்மாதான்.

1998-ல் ஆபீஸுக்கென்று வெப்சைட் வந்தது. லீவு, ஷிஃப்ட் பட்டியல், சம்பளச் சீட்டு, சான்றிதழ் எல்லாம் அதில்தான். செய்து கொடுத்தவர்கள் ரிச்மண்ட் ரோட்டில் ஒரு மாடி ரூமில் இருந்தார்கள். ஒரே வருஷத்தில் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு பாலசுப்ரமணியனை இன்சார்ஜ் ஆக்கினார்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. அவன் பிடித்த வழி வேறு.

சர்வரிலிருந்து பக்கம் வெளியே போகிற வாசலில் ஒரு வரி எழுதி வைப்பான். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று அதற்குப் பேர். இந்த மாதிரி எழுத்து வந்தால் எடுத்துவிடு, அதற்குப் பதில் இதைப் போடு என்று ஒரு கட்டளை. புள்ளியும் நட்சத்திரமும் சாய்கோடுமாக, மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் நடந்த மாதிரி இருக்கும். சின்னப்பா கேட்டில் நின்று எல்லார் டிபன் பாக்ஸையும் திறந்து பார்ப்பாரே, அது போல அந்த வரி ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, சொன்னதை மாற்றி, மூடி வெளியே அனுப்பும். உள்ளே இருப்பது உள்ளபடி இருக்கும். நாம் திரையில் பார்ப்பது மட்டும் வேறாக இருக்கும்.

கூட வேலை பார்த்த பிரகாஷ் அதிகம் பேசாதவன். அவன்கூட ஒரு தடவை வாய் திறந்தான். "தப்பு எங்க இருக்குதோ அங்க போய்த் திருத்திடலாமே சார்." பாலசுப்ரமணியன் சிரித்தான். "யாக்கே பிரகாஷ்? ஒரே வரி. ஆயித்து." இந்த 'ஒரே வரி, ஆயித்து', அதாவது முடிந்தது, அவனுக்குப் பல்லவி.

அந்த ஒரே வரியின் லட்சணத்தை 1999-லேயே பார்த்துவிட்டோம். ஷிஃப்ட் பட்டியலில் பழைய பஸ் அறிவிப்பு ஒன்று மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் வந்துகொண்டிருந்தது. அதை எடுக்க ஒரு வரி எழுதினான். அந்த வரி மேல் அறிவிப்பின் தலையில் பிடித்து, கீழ் அறிவிப்பின் கால் வரைக்கும் ஒரே வாயாக விழுங்கிவிட்டது. நடுவில் இருந்த இருநூறு பேரின் ஷிஃப்டும் போயிற்று. மறுநாள் காலையில் பஸ்காரர்கள் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று வண்டியை எடுக்கவே இல்லை. பெண்கள் சிக்னல் சிக்னலாக நின்றிருக்கிறார்கள். கேட்டதற்கு என்ன சொன்னான் தெரியுமா? "அதுக்கு டெக்னிக்கலா கிரீடி மேட்ச்னு பேரு மேடம். பேராசைதான் அதோட சுபாவம்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்துக்கு இங்கிலீஷில் பேரும் வைத்தான்.

2001 ஆகஸ்டில் வேதாவதியை ஃபெல்டன்மோர் குளோபல் என்ற வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. இந்தியாவில் அந்தப் பேரில் ரிஜிஸ்டர் ஆகி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் உத்தரவு வந்தது: திங்கட்கிழமை முதல் வேதாவதி என்ற பேர் எங்கேயும் கண்ணில் படக் கூடாது. பிரகாஷ் மூன்று வாரம் கேட்டான். எந்தத் தேதி வரைக்கும் எந்தப் பேர் என்று ஒரு அட்டவணை போட்டு, அதைப் பார்த்துப் பேர் வருகிற மாதிரி செய்தால்தான் பழைய ரிக்கார்டு பழைய பேரில் நிற்கும் என்றான். பாலசுப்ரமணியன் எழுந்து நின்றான். நானும் அந்த மீட்டிங்கில் இருந்தேன். "சார், ஒரே வரி" என்றான். சனிக்கிழமை காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தான். வேதாவதி டேட்டா சர்வீசஸ் என்று எங்கே வந்தாலும் ஃபெல்டன்மோர் குளோபல். திங்கட்கிழமை அத்தனை பக்கத்திலும் புதுப் பேர். கை தட்டினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், ஈமெயிலில் அவன் பேரைப் போட்டுப் பாராட்டினார்கள். பிரகாஷ் வேலையை விட்டுப் போனான்.

அதே மாசம் எல்லாருடைய பழைய ஆர்டர் காகிதங்களையும் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து புது ஆர்டர் அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் வாங்கினேன், நான்தான் கொடுத்தேன். முதல் ஆளாகத் தன் பழைய ஆர்டரைக் கொண்டுவந்து கொடுத்தவன் பாலசுப்ரமணியன். "புதுப் பேர் எவ்ளோ கெத்தா இருக்கு பாருங்க" என்றான். பழையதையெல்லாம் மூட்டை கட்டிக் கிழிக்க அனுப்பினோம்.

அதற்குப் பிறகு போன ஒவ்வொருத்தருக்கும் நான் அனுபவச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றிலும் கையெழுத்து, சீல். ஒன்றையாவது படித்தேனா? படிக்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பின முட்டாள்களில் நான் முதல் வரிசை. அவனைத் திட்டும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2003 ஜனவரியில் தனக்கோடியையும் நாற்பது பேரையும் வேலை இல்லை என்று அனுப்பினார்கள். தனக்கோடி அழவில்லை. அடுத்த வாரமே பன்னேர்கட்டா ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரிக்கார்டு செக்‌ஷனுக்கு டெஸ்ட் எழுதி, முதலாவதாகத் தேறினாள். நிரந்தர வேலை. ஒரே ஒரு சங்கடம், அங்கே வயசு வரம்பு முப்பத்தாறு. மார்ச் ஒன்பதாம் தேதி அவளுக்கு முப்பத்தாறு முடிகிறது. அதற்குள் சான்றிதழ் விசாரணை முடிந்து கையில் ஆர்டர் வர வேண்டும். தவறினால் இந்த வேலை மட்டுமல்ல, இந்த மாதிரி எந்த வேலைக்கும் இனிமேல் மனுவே போட முடியாது. புருஷன் போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் சங்கமித்ரா பத்தாவது.

பிப்ரவரி இருபதாம் தேதி வாக்கில் ஆபீஸ் கேட்டில் வந்து நின்றாள். சின்னப்பா எனக்கு போன் செய்தார். போய்ப் பார்த்தால் முகம் சுண்டியிருந்தது. கையில் நான் கொடுத்த சான்றிதழ்.

"அக்கா, இது போலியாம்" என்றாள்.

விசாரணை செய்கிறவர்கள் கோரமங்களாவில் ஒரு ஏஜென்சி. அங்கே ராகேஷ் என்று ஒருவர் அவளை உட்கார வைத்து, சான்றிதழில் ஒரு வரியை விரலால் காட்டியிருக்கிறார். 1994 ஜூன் முதல் ஃபெல்டன்மோர் குளோபலில் வேலை பார்த்தார் என்று இருந்தது. "ஃபெல்டன்மோர் இந்தியாவுக்கு வந்ததே 2001 ஜூலைல. நீங்க 94-ல எங்க வேலை செஞ்சீங்க, கனவிலயா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் பெங்களூரில் அனுபவச் சான்றிதழ் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். அவர்கள் தினமும் பத்துப் போலி பிடிக்கிறவர்கள். இவள் பதினொன்றாவது.

கையால் ஒன்று டைப் அடித்துக் கொடுத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. ஒவ்வொரு சான்றிதழின் கீழும் ஒரு நம்பர் இருக்கும். விசாரிக்கிறவர்கள் எங்கள் வெப்சைட்டில் அந்த நம்பரைப் போட்டுப் பார்ப்பார்கள். அங்கேயும் அதே பக்கம்தான் வரும், அதுவும் இந்த மகானுபாவனின் வரி வழியாகத்தான் வரும். சம்பளச் சீட்டும் அதே கதை. வெப்சைட் வருவதற்கு முந்தைய காகிதச் சீட்டெல்லாம், ஈஜிபுராவில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கூழாகிப் போயிருந்தது.

தனக்கோடியை உள்ளே கூட்டிக்கொண்டு நேராக அவன் ரூமுக்குப் போனேன். சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். சான்றிதழை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"டேட்டா சரியாத்தான் இருக்கு மேடம். உள்ள வேதாவதின்னுதான் இருக்கு. இது வெறும் டிஸ்பிளே."

"அவங்க டிஸ்பிளேயத்தானே பாக்கறாங்க. உன் டேட்டாவ வயித்தக் கிழிச்சா பாப்பாங்க?"

தனக்கோடி பணிவாகத்தான் கேட்டாள். "சார், ஒரே ஒரு நாள் அந்த வரிய எடுத்து வெச்சிடுங்க. அவர் நம்பர் போட்டுப் பாத்துடுவாரு. அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம்."

"ஏம்மா, ஓடிட்டு இருக்கற சர்வர சும்னே தொடுவாங்களா?" என்றான். அவளிடம் இல்லை, என்னிடம் பார்த்துச் சொன்னான். "அதுவும் இல்லாம, நூத்து நாப்பது லெட்டர் போயாச்சு. ஒண்ணு தப்புன்னா எல்லாம் தப்புன்னு ஆயிடும். ஆடிட் வரும். உங்க கையெழுத்துதான் இருக்கு மேடம் எல்லாத்துலயும். கிளறாதீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். மறைத்துவிட்டு, சாதத்தை நீதானே வடித்தாய் என்று என்னையே மிரட்டுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் தாத்தாவின் கையெழுத்தால் ஃபைல் நகர்ந்ததோ என்னவோ, பேரன் அடுத்தவர் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. பயமும் வந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வெளியே வராந்தாவில் வந்து நின்றோம். தனக்கோடிதான் கேட்டாள்.

"அக்கா, அந்த ஆயுத பூஜை போட்டோ இன்னும் கம்ப்யூட்டர்ல கீதா?"

இருந்தது. 'நம் குடும்பம்' என்று ஒரு பக்கம் உண்டு, வருஷா வருஷம் எடுத்த படங்களை ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். திறந்தேன். படத்துக்குக் கீழே எழுத்தில் இருந்தது: ஃபெல்டன்மோர் குளோபல், ஆயுத பூஜை 1996. படத்துக்குள்ளே எங்கள் தலைக்கு மேல் பேனரில் இருந்தது: வேதாவதி டேட்டா சர்வீசஸ், ஆயுத பூஜை 1996.

"நெனச்சேன்" என்றாள். "ஒம்போது வருஷமா இதானேக்கா பண்ணேன். படத்துல இருக்கறது எழுத்து கெடையாது, வெறும் படம். ஆளு ஒக்காந்து பாத்து அடிச்சாத்தான் அது எழுத்தாவும். அவரு வரி எழுத்தத்தானே மாத்தும்? படத்த அதால படிக்க முடியாது."

அந்த ரூமுக்குள் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இது தோன்றவில்லை. ஏம்மாவுக்குத் தோன்றியது.

கலரில் அச்சடித்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் அவளோடு கோரமங்களா போனேன். ராகேஷ் மீசைகூடச் சரியாக வளராதவர். முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை. தனக்கோடி படத்தை மேஜையில் வைத்து, பேனரை ஒரு விரலாலும் கீழே உள்ள எழுத்தை இன்னொரு விரலாலும் தொட்டாள். "இது ஒரே நாளு, ஒரே பூஜை சார். சொவத்துல ஒரு பேரு, கீழ ஒரு பேரு. எது பொய்னு நீங்களே சொல்லுங்க. இது நானு, மஞ்சப் புடவ."

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "புரியுது. ஆனா இதுக்கு ஒரு பொறுப்பான ஆளு எழுதிக் குடுக்கணும். கம்பெனி சாஃப்ட்வேர் பேர மாத்துதுன்னு. வெறும் போட்டோவ நான் ஃபைல்ல வெக்க முடியாது."

காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். தனக்கோடி என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். நான் உடனே எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். எழுதவில்லை. என் வேலை, என் சீல், அந்த நூற்று நாற்பத்து மூன்று, எல்லாம் கண் முன்னால் வந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்புறம் எழுதினேன்: நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், சர்வரில் உள்ள ஒரு வரி பேரை மாற்றுகிறது, இவர் 1994 முதல் வேதாவதியில் வேலை பார்த்தது உண்மை. கையெழுத்துப் போட்டபோது பேனா நன்றாகவே ஓடியது.

மார்ச் ஆறாம் தேதி தனக்கோடிக்கு ஆர்டர் வந்தது. எனக்கு மெமோ வந்தது. அதை வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் அங்கே குப்பை கொட்டினேன். மீதி நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் கிடைத்த விலாசத்துக்கெல்லாம் அதே கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாலசுப்ரமணியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரிக்கு ஒரு விதிவிலக்கு எழுதக்கூட அவன் கை அசையவில்லை.

2005-ல் ஃபெல்டன்மோரை பெல்விக்டன் என்று இன்னொருத்தன் வாங்கினான். நம் ஆள் அதே வாசலில் இரண்டாவது வரி எழுதினான். ஃபெல்டன்மோர் என்று வந்தால் பெல்விக்டன். முதல் வரி வேதாவதியை ஃபெல்டன்மோர் ஆக்கும், இரண்டாவது வரி அதைப் பெல்விக்டன் ஆக்கும். இதற்கும் கை தட்டியிருப்பார்கள். ஆறு மாசத்தில் சர்வர்களையெல்லாம் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டு, ஹெப்பகோடி கம்ப்யூட்டர் பிரிவை மொத்தமாக மூடினார்கள். பாலசுப்ரமணியனுக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

2006-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் நின்றான். சட்டை மடிப்புக் கலையாமல்தான் இருந்தது. கனடாவுக்குக் குடியேற மனுப் போட்டிருக்கிறானாம். மனைவி ரமா ஏற்கனவே ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாளாம். பத்து வருஷ அனுபவம் காட்ட வேண்டும். அவன் சான்றிதழ் சொல்கிறது, 1995 முதல் பெல்விக்டனில் வேலை பார்த்தான் என்று. பெல்விக்டன் இங்கே வந்ததே போன வருஷம். கனடாக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்: விளக்கம் கொடு, சாட்சி கொடு, ஐந்து வாரம் டைம்.

"பெல்விக்டன்காரங்களுக்கு போன் பண்ணி வரிய எடுக்கச் சொன்னேன் மேடம். ஓடிட்டு இருக்கற சர்வர ஏன் தொடணும்ங்கறாங்க."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை, அடக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"ஆயுத பூஜை போட்டோ ஒண்ணு இருக்குமே. நீங்க அதுல கலர் பிரிண்ட் எடுத்தீங்கன்னு சொன்னாங்க" என்றான்.

பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வரிசை வரிசையாகத் தேடினான். தனக்கோடி இருந்தாள், நான் இருந்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு சின்னப்பா இருந்தார். கடைசியில்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. காகிதத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நான்தானே எடுத்தேன்" என்றான்.

சாட்சிக்கு அவனுக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்தவர் யாராவது வேண்டும். என் சான்றிதழும் அந்த வரி வழியாக வந்ததுதான், செல்லாது. சான்றிதழ் செல்லுபடி ஆன ஆள் ஒருத்திதான் இருந்தாள். ஈஜிபுராவுக்குக் கூட்டிப் போனேன். நான் எதற்குப் போனேன்? வேடிக்கை பார்க்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். தனக்கோடி அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள். சுவரில் புத்தர் படம், அதன் கீழே ஆஸ்பத்திரி காலண்டர். சங்கமித்ரா டீ கொண்டுவந்து கொடுத்தாள். தனக்கோடி பழைய கதை ஒன்றையும் எடுக்கவில்லை. விஷயத்தைக் கேட்டாள், அவன் வாங்கி வந்த முத்திரைத்தாளை வாங்கினாள், மகளிடம் பேனா வாங்கி இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். ஒன்பது வருஷம் அடித்த கை, எழுத்து முத்து முத்தாக இருந்தது. கீழே தன் கையெழுத்தைப் போட்டு, "நீங்க அந்தப் பக்கம் போடுங்க சார்" என்று கொடுத்தாள்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: பாலசுப்ரமணியன் 1995 முதல் வேதாவதியில் என்னோடு வேலை பார்த்தது உண்மை. சான்றிதழில் பேர் மாறி வரக் காரணம், சர்வரில் அவரே எழுதி வைத்த வரி. அதனால் என்னுடையதும் மற்றவர்களுடையதும் தவறாகப் போயின.

இரண்டு தடவை படித்தான். காது மடல் சிவந்தது.

"முதல் லைன் ஓகே. இந்த ரெண்டாவது, மூணாவது மட்டும்... அவரே எழுதினங்கறதுக்குப் பதிலா சிஸ்டம் அப்கிரேடுனாலன்னு மாத்திடலாமா? ஒரே வரிதான்."

தனக்கோடி தாளில் தன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "என்னிய ஒரு தரம் போலின்னு உக்கார வெச்சிட்டாங்க சார். இனிமே பொய்க் காய்தத்துல நான் கையெழுத்து போட மாட்டேன். இது நெசம். நெசம்னா எடுத்துக்குங்க."

"இதப் படிச்சா என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"எங்களப் பத்தி நெனச்ச மாதிரி மோசமா நெனைக்க மாட்டாங்க சார்."

பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். டீ ஆடை கட்டிவிட்டது. பிறகு பேனாவை மூடி காலண்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கிப் போனான். நான் ஐந்து வாரமும் எண்ணிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

போன வருஷம் பிரகாஷ் கல்யாணம் அத்திபெலேயில் ஒரு சத்திரத்தில் நடந்தது. பழைய ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தான். பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் தனக்கோடி, எதிர் வரிசையில் பாலசுப்ரமணியன். சின்னக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறானாம். பக்கத்து இலைக்காரரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கனடா எல்லாம் ஆல்மோஸ்ட் ஆயிடுச்சு சார். பேப்பர்ஸ் ரெடி. நான்தான் வேண்டாம்னுட்டேன். அந்தக் குளிரு நமக்கு ஒத்து வராது."

விழுந்தான், மீசையில் மண் ஒட்டவில்லை. உள்ளே இருப்பது உள்ளபடி இருக்க, வெளியே வருகிறபோது வாசலில் மாறிவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். தனக்கோடி என் முழங்கையில் லேசாக இடித்தாள். ரசம் வந்தது, ஊற்றச் சொல்லிக் குழியில் வாங்கிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாக, சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"அந்த முத்திரைத்தாளு இன்னும் என்னாண்டதான் சார் கீது. என் கையெழுத்து அப்படியே இருக்குது. எப்ப வேணும்னாலும் வாங்க."

பக்கத்து இலைக்காரர் என்ன முத்திரைத்தாள் என்று அவனைக் கேட்டார். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். அப்போது மோர்கூட வரவில்லை.